பிராரத்தமும் மூன்று துளைகளும்

என் அக்காளைக் கட்டிய அத்தான் சைவ சித்தாந்தத்தை முறையாகப் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனம் ஊர் ஊராக நடத்தும் பயிற்சி வகுப்பில் சேர்ந்து சாத்திரங்களை வரிசையாகப் படித்தவர். பிரதோஷம் தவறாமல் சேத்தூரில் இருந்து தேவதானம் கோயிலுக்குப் போகிறவர். வலது தொடை இடுக்கில் குடல் இறங்கிப் பல வருஷம் ஆகியும் அறுவைக்கு அவர் ஒப்பவில்லை. பயம் இல்லை, பணமும் தடையாக இல்லை. “இது பிராரத்தம் மாப்ளே. அனுபவிச்சுத்தான் கழிக்கணும். வயித்துல மூணு ஓட்டையப் போட்டு நோகாமத் தப்பிச்சுட்டா, மிச்சம் அடுத்த பிறவியில வந்து வாசல்ல நிக்கும்” என்பார்.

இதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்த உடம்புக்கென்று அளந்து கொடுத்தது பிராரத்தம். அதை நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். குருவருளால் சஞ்சிதம் எரிந்துபோகும், ஆகாமியம் ஏறாமல் நிற்கும். பிராரத்தம் மட்டும் உடம்பு உள்ளவரை நுகர்ந்தே தீர வேண்டியது. அத்தான் இதைச் சொந்தமாகக் கட்டவில்லை, நூலில் உள்ளதைத்தான் சொன்னார். நூலை நம்புகிறவரிடம் “காலம் மாறிப்போச்சு அத்தான்” என்று சொல்லி என்ன பயன்? நூலுக்குள் நின்றுதான் பேச வேண்டும். நானும் அதே நூல்களை நம்புகிறவன். ஆகவே கேள்வி எனக்கும் உரியதாகிவிட்டது. வலியைக் குறைத்துக்கொள்வது வினையை ஏமாற்றுவதா?

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிழைப்பு பேண்டேஜ் தறி. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் நெய்யும் காஸ் துணியும் பேண்டேஜ் துணியும் எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. பாவு சுற்றிய பீமைத் தூக்கித் தறியில் ஏற்றுவது இடுப்பை வாங்கும் வேலை. அத்தான் இளவயது முழுவதும் அதைச் செய்தார். பிறகு நூல் பேல் இறக்கினார். குடல் இறங்கிய பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால் வலது கை முதலில் வேட்டிக்கு மேல் போய் இடுக்கை அழுத்திக்கொள்ளும், பிறகுதான் இருமுவார். சந்நிதியில் விழுந்து கும்பிட்டு எழும்போதும் இடது கையை ஊன்றித்தான் எழுவார். வலது கை அந்த இடத்தை விட்டு வராது. படுத்தால் புடைப்பு தானே உள்ளே போய்விடும். நின்றால் வெளியே வரும். சாயங்காலத்துக்குள் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து நிற்கும். இடுப்பில் பெல்ட் கட்டி அதன் மேல் வேட்டி கட்டியிருப்பார். வெயில் காலத்தில் பெல்ட்டுக்கு அடியில் தோல் புண்ணாகிக் கிடக்கும். அதையும் பிராரத்தக் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்.

அந்த இடம் ஏன் பலவீனமாகிறது என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் காரணம் எளியது. ஆண்பிள்ளை தாய் வயிற்றில் இருக்கும்போது அதன் விதைகள் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகின்றன. பிறக்குமுன் அடிவயிற்றுச் சுவரைக் கடந்து கீழே இறங்குகின்றன. இறங்கிய வழி பின்னால் மூடினாலும் அந்தச் சுவர் மற்ற இடத்தைப் போல் உறுதிப்படுவதில்லை. பாரம் தூக்குவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, புகை, முதுமை எல்லாம் அந்த இடத்தில்தான் வந்து முட்டும். ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் பெண்களில் 3 பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொடை இடுக்குக் குடலிறக்கம் வரலாம் என்பது மருத்துவ நூல்களில் உள்ள கணக்கு. வினைதான் என்றால், ஆண் உடம்பு எடுத்து வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பொதுவாக எழுதிவைத்த வினை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி நூல். வயிற்று வலி என்றால் சைவர்களுக்கு முதலில் நினைவு வருகிறவர் அப்பர். சமண மடத்தில் தருமசேனராக இருந்தவரைச் சூலை பற்றியது. மந்திரித்த நீரும் மயிற்பீலியும் கேட்கவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையார் திலகவதியார் காலில் விழுந்தார். அம்மையார் திருநீறு கொடுத்தார். சந்நிதியில் பாடினார், சூலை நீங்கியது. சேக்கிழார் சொல்லும் இந்த வரலாற்றைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆனால் அந்தச் சூலையை அனுப்பியவர் யார் என்பதை நாம் நின்று யோசிப்பதில்லை. சிவபெருமானே அனுப்பினார் என்கிறது பெரியபுராணம். தம்பியை மீட்டுத் தாருங்கள் என்று திலகவதியார் வேண்ட, சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று இறைவன் சொன்னதாக வரலாறு. இறைவனே நேராகக் கொடுத்த நோய்! அதற்குக்கூட அப்பர், ‘வந்தது வந்தபடி இருக்கட்டும், அனுபவித்துக் கழிக்கிறேன்’ என்று கிடக்கவில்லை. குடல் முறுக்கித் துடிக்கிறேன், தாங்க முடியவில்லை, நீக்கு என்று கேட்டார். கேட்டது குற்றமாகவும் எழுதப்படவில்லை. அந்தக் கேள்விதான் அவருடைய முதல் பதிகமாயிற்று.

அப்பர் தம் வலிக்குக் கேட்டார். சம்பந்தர் அடுத்தவர் வலிக்குக் கேட்டார். கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அவருடன் வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. அந்தப் பருவத்தில் அந்த நாட்டு இயல்பு அது என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். சம்பந்தர் அந்த விளக்கத்தோடு அமையவில்லை. திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு ஒரு பதிகம் பாடினார். அந்தப் பதிகத்தின் தொடக்கமே அத்தானுக்குச் சொன்ன பதில் போல இருக்கிறது. இன்ன வினைக்கு இன்ன பலன் என்று பேசத் தெரிந்த நீங்கள், பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்கள் குறைதானே என்பது அங்கே அவர் கேட்பதன் கருத்து. வினைக்கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதைக் காரணம் காட்டிச் சும்மா இருப்பதைத்தான் குறை என்கிறார். வினை உண்டு என்று ஒப்புக்கொண்ட அதே வாயால், தீர்க்கும் வழியைத் தேடு என்றும் சொல்கிறார். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அத்தான் இதற்கும் விடை வைத்திருந்தார். “அவங்க பதிகம் பாடினாங்க. திருநீறு பூசினாங்க. ஆஸ்பத்திரிக்கா போனாங்க?”

நியாயமான கேள்விதான். அதற்கு அருணந்தி சிவாச்சாரியாரிடம்தான் போக வேண்டியிருந்தது. 13ஆம் நூற்றாண்டுக்காரர், மெய்கண்டாரின் மாணவர். அவருடைய சிவஞான சித்தியார் அத்தான் வீட்டில் மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது. சுபக்கத்தில் வினையைப் பேசும் பகுதியில் ஒரு மருத்துவன் வருகிறான். சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்ப்பான். சில நோய்களைச் சர்க்கரைக் கட்டியும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்ப்பான். இறைவனும் அப்படியே, இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி வினையை அறுக்கிறான் என்பது அங்கே உள்ள கருத்து. மருத்துவன் அன்போடு கீறுகிறான் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தை எடுத்து அத்தான் முன் வைத்தேன்.

“உவமைதானே மாப்ளே? உவமைய வச்சுக் கட்டளை போடக் கூடாது.”

“சரி அத்தான், உவமைதான். ஆனா அறுத்துக் கீறித் தீர்க்கிறவன் அடுத்தவன் வினையில கை வைக்கிற பாவின்னு அருணந்தி நினைச்சிருந்தா, சிவனுக்கு உவமையா அவனைப் போய்ச் சொல்லியிருப்பாரா?”

அவர் பேசவில்லை. நான் மேலும் சொன்னேன். அந்தப் பாட்டு இன்னொன்றையும் காட்டுகிறது. துன்பத்தால் மட்டும் வினை கழியும் என்று சித்தாந்தம் எங்கும் சொல்லவில்லை, இன்பத்தாலும் கழிகிறது. நல்வினையின் பயனும் நுகர்ந்து தீர வேண்டியதுதான். பிராரத்தம் என்றால் வலி மட்டும் என்று ஆக்கிவைத்தது நம் மனம். மூன்று சிறு துளைகளோடு முடிந்துபோகிற அறுவை ஒருவனுக்குக் கிடைக்கிறது என்றால், அது அவன் பிராரத்தத்துக்கு வெளியே எங்கிருந்து வந்துவிட்டது? நோய் வந்தது வினை என்றால், அதைத் தீர்க்கத் தெரிந்த கை அவன் காலத்தில், அவன் போய்ச் சேரும் தூரத்தில் இருந்ததும் வினைதான். கணக்கில் பற்று எழுதுகிறவர் வரவையும் எழுத வேண்டும்.

தேவதானத்து இறைவனின் பெயரே எனக்குத் துணை. நச்சாடை தவிர்த்தருளியவர். சோழன் நஞ்சு ஏற்றிய ஆடையைப் பாண்டியனுக்கு அனுப்பினான் என்றும், இறைவன் அதிலிருந்து அவனைக் காத்தார் என்றும் தலவரலாறு. ‘உன் வினை, உடுத்திக்கொள்’ என்று அவர் சொல்லவில்லை. தவிர்த்தார், அந்தச் செயலே பெயராக நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவர் முன்னால் நின்றுகொண்டு, தவிர்க்கக்கூடிய வலியைத் தவிர்க்க மாட்டேன் என்று ஒருவர் விரதம் பிடிப்பது எனக்குப் பொருந்தவே இல்லை.

அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பூக்குழி இறங்குகிறார்களே, அலகு குத்துகிறார்களே, அந்த வலிக்கு மதிப்பு இல்லையா என்று கேட்கலாம். உண்டு, நான் மதிக்கிறேன். காப்புக் கட்டி விரதம் இருந்து தாய்க்கு என்று தானே ஏற்றுக்கொண்டு தருகிற வலி அது. அங்கே பெரியது தருகிற மனம். குடல் பிதுங்கி நிற்கிற வலியை யாரும் யாருக்கும் தரவில்லை. அது வெறும் நோய். நோயைக் காணிக்கை என்று பெயர் மாற்றினால் காணிக்கைக்குத்தான் இழிவு.

இந்தப் பேச்சில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. தன் வலியைத் தன் வினை என்று சொல்வது பணிவாக இருக்கலாம். அடுத்தவன் வலியைப் பார்த்து அவன் வினை என்பது கொடுமை. எங்கள் பக்கம் குடல் இறங்கி நடக்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். தேங்காய் மூட்டை ஏற்றுகிறவர், கரும்புக் கட்டு சுமக்கிறவர், மில்லில் பேல் தள்ளுகிறவர். கூலி போகுமே என்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அவர்களிடம் போய்ப் பிராரத்தம் பேசுகிறவன் சித்தாந்தம் பேசவில்லை. அவர்கள் சுமந்த பாரத்தில் தனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கிறான்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1847இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோபார்ம் கொடுக்கத் தொடங்கியபோது, வலியோடு பெறுவாய் என்பது தேவ வாக்கு ஆயிற்றே என்று ஆட்சேபம் எழுந்தது. அவர் அதே வேதத்தை எடுத்தார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுள் அவனை ஆழ்ந்த தூக்கத்தில் ஆழ்த்தினாரே என்று கேட்டார். நூலுக்குள் நின்று பேசுவது என்று நான் சொன்னது இதைத்தான்.

மருத்துவர்களிடமும் ஒரு வலி வழிபாடு இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. பெரிய வெட்டுப் போடுகிறவரே பெரிய சர்ஜன் என்று நெடுநாள் நம்பினார்கள். ஜெர்மனியில் கூர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் 1980இல் வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளை வழியாகக் குடல்வாலை எடுத்தார். அவரை மருத்துவத் தொழிலிலிருந்தே நிறுத்திவைக்க வேண்டும் என்று அந்நாட்டு அறுவை மருத்துவச் சங்கத் தலைவரே எழுதினார். 1985இல் எரிக் மியூஹே அதே வழியில் பித்தப்பையை எடுத்துக் காட்டியபோதும் சக மருத்துவர்கள் நம்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெம்டன் உத்வாடியா இந்த முறையில் முதல் பித்தப்பை அறுவையைச் செய்தார். நம் பக்கம் கோவையில் டாக்டர் சி. பழனிவேலு இதை வளர்த்துப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். குடலிறக்கத்துக்கும் 90களில் இந்த வழி நிலைபெற்றது. காயம் பெரிதாக இருந்தால்தான் மருத்துவம் உண்மை என்ற எண்ணமும், வலி பெரிதாக இருந்தால்தான் வினை கழியும் என்ற எண்ணமும் ஒரே வேரில் முளைத்தவை என்று எனக்குப் படுகிறது.

ஒரு பிரதோஷம் முடிந்து வந்த இரவில் அத்தான் தானாகவே கேட்டார்: “மதுரைக்கு எப்பப் போகலாம் மாப்ளே?” ஏன் மனம் மாறினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்பதால் மதுரையில் இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று முதலில் பார்த்தார்கள். பிறகு மருத்துவர் தாளில் படம் வரைந்து சொன்னார். தொப்புளுக்குக் கீழே சுமார் 10 மில்லிமீட்டரில் ஒரு துளை, அதில் கேமரா. அதற்குக் கீழே 5 மில்லிமீட்டரில் இரண்டு துளைகள், அவற்றில் கருவிகள். வயிற்றுத் தசைக்கும் குடலை மூடியிருக்கும் சவ்வுக்கும் நடுவில் கரியமில வாயுவைச் செலுத்தி ஒரு வெளியை உண்டாக்குவார்கள். இறங்கிய பையை உள்ளே இழுத்துவிட்டு, பலவீனமான இடத்தை உள்பக்கமாக மூடும்படி வலையை விரிப்பார்கள். “வெளி இல்லைன்னா ஒண்ணும் தெரியாது” என்றார் மருத்துவர். அத்தான் தலையை ஆட்டினார். தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்களில் தேவதானம் ஆகாயத் தலம். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்கு அந்த வலையின் மேல்தான் கண். மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பாலிபுரொப்பிலீன் இழை. உள்ளே வைப்பது 10க்கு 15 சென்டிமீட்டர். விரலால் தடவியதும் தெரிந்தது, அது பாவும் ஊடையுமாக நெய்தது இல்லை, பின்னியது. எங்கள் காஸ் துணியை எங்கே வெட்டினாலும் ஓரம் பிரிந்து நூல் உதிரும். இதை எப்படி வெட்டினாலும் ஓரம் பிரியவில்லை. கண்ணறைகள் ஏன் என்று கேட்டேன். உடம்பின் சதை அந்தக் கண்களுக்குள் வளர்ந்து புகுந்து வலையைத் தன்னோடு கட்டிக்கொள்ளும் என்றார். வாழ்நாள் முழுக்கப் புண்ணுக்கு மேலே போடும் துணி நெய்தவன் நான். உள்ளே போய் உடம்போடு ஒன்றாகிவிடுகிற துணியை அன்றுதான் தொட்டேன். அத்தானுக்கு மறுநாள் ஒட்டியிருந்தவை மூன்று சிறு பிளாஸ்திரிகள். எங்கள் தறித் துணிக்கு அங்கே வேலை இல்லை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். வலி இல்லாமல் இல்லை, இருமும்போது இருந்தது. ஆனால் எழுந்து நடந்தார். அறுவைக்குப் பின் நாள்பட்டு நிற்கும் வலி துளைவழி முறையில் குறைவு, வேலைக்குத் திரும்புவதும் சீக்கிரம் என்று சொன்னதைக் கண்ணால் பார்த்தேன்.

துளைவழி முறைதான் உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. முழு மயக்கம் தாங்காதவர்கள் இருக்கிறார்கள். விதைப்பை வரை பெரிதாக இறங்கியவர்கள் இருக்கிறார்கள். தொடை இடுக்கில் கீறி வலை வைக்கும் முறை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடியக்கூடியது. அதுவும் நோயைத் தீர்க்கிறது. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் டாக்டர் டோங்காவ்கர் ஏழைகளுக்காகக் கொசுவலைத் துணியையே கிருமி நீக்கி வெட்டி வைத்தார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் அதைக் கடை வலையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. ஓராண்டு கழித்தும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விலையோ ஒரு டாலர் எங்கே, 125 டாலர் எங்கே! பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது குறை என்று சம்பந்தர் சொன்னதை அந்த மருத்துவர் வேறொரு மொழிக்குள் நின்று செய்து காட்டியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இருமுமுன் இடுக்கைக் கையால் அழுத்திக்கொள்கிற ஒருவர் இருக்கலாம். அவர் வினை, விதி என்று பேசினால் சண்டை போடாதீர்கள். அவர் நம்பும் நூலிலிருந்தே பேசுங்கள். புடைப்பு உள்ளே போகாமல் கல்லாக நின்று, வலி ஏறி, வாந்தி வந்தால் மட்டும் பேச நேரம் இல்லை. சிக்கிய குடலுக்கு ரத்தம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கிவிடும்; அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதுவரை காத்திருக்காமல் நல்ல நாளிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். கையில் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம்; அரசு மருத்துவமனையிலும் இந்த அறுவையைச் செய்கிறார்கள்.